முதல் கேசட், ரொம்ப வேகம்

— நிறுத்துடி தனக்கொடி, நிறுத்து! ஏசுவே, இது நம்ம பாட்டே இல்ல!

— இன்னாடி கத்துற கிரேஸு? அட்டைய பாரு. "சங்கராபரணி வெள்ளம் இசைக்குழு, முதல் கேசட்." பாட்டு கிரேஸ் மேரி, ட்ரம் தனக்கொடி, கிட்டார் உங்கண்ணன் இக்னேஷியஸ். நாமதான?

— பேரு நம்ம பேரு. வேகம் யாரு வேகம்? கோயில் ஹால்ல நாம பழகுனது எப்டி? ஆடி அசைஞ்சி, மாட்டு வண்டியாட்டம். பஸ்ஸு நிக்காம போயிடுச்சேன்னு ஒரு பொண்ணு அழுவுற பாட்டுடி அது! இதுல அவ பஸ்ஸ தொரத்திகினு ஓடுறா!

— ஓடட்டுமே. எனுக்கு சிரிப்பு தாங்கல.

— உனுக்கு சிரிப்பு. எங்கப்பா இன்னா சொல்லியிருக்காரு? கேசட்டு நல்லா இருந்தா பாடு, இல்லன்னா டைப்ரைட்டிங் கிளாஸுக்கு போன்னுட்டாரு. சாயந்திரம் பாகூர் ஸ்கூல் மைதானத்துல நம்ம கச்சேரிக்கு மொத வரிசையில வந்து ஒக்காரப் போறாரு.

— டவுன்ல கேசட்டு காப்பி போட்டவன் மிஷின வேகமா ஓட்டிட்டான், அவ்ளோதான்.

— ஒரு கம்பெனியும் நம்மள சீண்டல, நாமளே போடுவோம்னு துணிஞ்சோம். இப்ப அத்தினி கேசட்டும் பாழு. ஒண்ணு கூட வெளிய போவக்கூடாதுடி.

— ஐயோ.

— இன்னா ஐயோ?

— உங்கண்ணன் விடிஞ்சதும் ஒரு பை நெறைய தூக்கினு திருக்கனூர் சந்தைக்கு போயிட்டாரே!

— என்னை கேக்காமலா?

— தோ, சைக்கிள் மணி. அவரேதான். இன்னாண்ணே, சட்டையெல்லாம் சேறு?

— தண்ணி குடு தனக்கொடி, தண்ணி. அதாவது, வர வழியில வாய்க்கால்ல வுழுந்துட்டேன். அது கெடக்குது. அதாவது...

— அண்ணே, மூச்சு வுடு. கேசட்ட யாருக்குனா குடுத்தியா?

— குடுத்தியாவா? டீக்கடையில போடச் சொன்னேன். அதாவது, பாட்டு பாதி கூட ஓடல, காய்கறி விக்கிற பொம்பளைங்க எழுந்து நின்னுட்டாங்க. கரும்பு லாரிக்காரன் துண்ட சுத்தினு ஆடுறான். மறுபடி போடு, மறுபடி போடுன்னு ஒரே ரகளை! விழுப்புரம் பஸ் டிரைவரு எறங்கி வந்து ஒண்ணு வாங்கினு போயி பஸ்ஸுலயே போட்டுட்டாரு. நிக்காத பஸ்ஸு பாட்டுக்கு பஸ்ஸே நின்னுடுச்சி தங்கச்சி!

— அடி ஆத்தி! கிரேஸு, என்னை கிள்ளுடி. வலிக்கிற மாதிரி கிள்ளு.

— அதாவது, இன்னொண்ணு. அப்பாவும் அங்க இருந்தாரு. வெத வாங்க வந்திருக்காரு.

— செத்தேன். இன்னா சொன்னாரு?

— பாட்டுக்கு கால ஆட்டினு நின்னாரு.

— நம்ம அப்பாவா? பூசையில கூட தாளம் போடமாட்டாரே!

— பக்கத்துல நின்ன ஆளுகிட்ட "பாடுறது எம்பொண்ணு"ன்னாரு. அந்தாளு கேக்கவேயில்ல, இவரா சொன்னாரு. திரும்பி இந்தாண்ட பக்கத்து ஆளுகிட்டயும் சொன்னாரு.

— அண்ணே, என்னை அழ வெக்காத.

— அழுவாதடி! சாயந்திரம் சந்தையே பாகூருக்கு தெரண்டு வரப்போவுது!

— அதான்டி பயம். அவங்க கேட்டது இந்த வேகம். நமக்கு தெரிஞ்சது மாட்டு வண்டி. மேடையில அழுவாச்சியா பாடுனா ஏமாத்திட்டோம்னு எழுந்து போயிடுவாங்க. அப்பா அங்க ஒக்காந்திருக்கிறப்ப!

— காப்பிக்காரனையே மேடையில ஏத்திடலாமா?

— வெளையாடாத. அண்ணே, ஏதாவது சொல்லு. கிட்டார எதுக்கு எடுக்கற இப்ப?

— சும்மா இரு. எனுக்கு ஒரு சந்தேகம். தனக்கொடி, கேசட்ட போடு.

— போட்டுட்டேன்.

— அதாவது, மிஷின் வேகமா ஓடுனா சுருதி ஏறிடும். கொரலு எலிக்குஞ்சாட்டம் கீச்சு கீச்சுன்னு வரும். கேளுங்க. நான் கூடவே வாசிக்கிறேன்... அப்டியே ஒட்டுது பாரு. இம்மி கூட ஏறல.

— ஆமா. கொரலு கூட எங்கொரலுதான். ஏன்டி தனக்கொடி மூஞ்சி அப்டி போவுது?

— ரெக்கார்டிங் அன்னைக்கு... கரண்டு போற நேரமாச்சி, சீக்கிரம் முடிங்கன்னு ஸ்டூடியோக்காரன் கத்துனான் இல்ல? நான் கண்ண மூடினு அடிச்சேன்டி. எப்டி அடிச்சேன்னே தெரியல. ஒரே குஷி.

— நானும் மூச்சே வுடல. உன் பின்னாலயே வந்துகினு இருந்தேன்... அப்டின்னா அண்ணே?

— அதாவது, மிஷின் சரியாத்தான் ஓடியிருக்குது. அவ்ளோ வேகமா ஓடுனது நாமதான்.