முழிக்கிற அண்ணன்

– அடிக்க வரலையே, அண்ணே? முதல்ல அதைச் சொல்லிடுங்க.

– உன்னை எதுக்குத் தம்பி அடிக்கப்போறேன்? இந்த ஜெராக்ஸ் கடையிலதான் நீ இருக்கேன்னு சொன்னாங்க. ஒரு படம் விஷயமா...

– தெரியும், தெரியும். உள்ள நுழையும்போதே கண்டுபிடிச்சிட்டேன். ஊருக்கே தெரிஞ்ச மூஞ்சியாச்சே! ‘முழிக்கிற அண்ணன்’!

– அந்தப் பேரு நீ வச்சதா?

– நான்தான். ஆஸ்பத்திரியில டோக்கன் நம்பரை அண்ணாந்து பாத்து, வாயைப் பொளந்துக்கிட்டு ஒரு முழி முழிச்சீங்க பாருங்க, சத்தியமா அடக்க முடியல. படம் எடுத்து, ‘மாசக் கடைசியில நான்’னு நம்ம மீம் பேஜ்ல போட்டேன். பிச்சுக்கிச்சு!

– ம். நான் லிஃப்ட் மெக்கானிக். போன வாரம் ஒரு ஆபீஸுக்குப் போறேன், ‘லிஃப்ட் ஓடாது’ன்னு எழுதி, கீழ என் மூஞ்சியையே ஒட்டி வச்சிருக்கான்.

– ஐயையோ! என்ன பண்ணீங்க?

– என்ன பண்றது, அதுக்குப் பக்கத்துலயே நின்னு ரிப்பேர் பண்ணேன். போறவன் வர்றவன்லாம் படத்தைப் பாக்குறான், என்னைப் பாக்குறான்.

– சிரிக்கக் கூடாது... மன்னிச்சுடுங்கண்ணே.

– சிரி, சிரி. எனக்கே சிரிப்புதான் வந்துச்சு. நான் வந்தது வேற...

– புரியுதுண்ணே. கேக்காம எடுத்தது தப்புதான், எனக்கே உறுத்துது. பேஜ்ல இருந்து... இதோ, தூக்கியாச்சு.

– அவசரப்படாத தம்பி, நான் சொல்றதை...

– நீங்க சும்மா இருங்க. வெளிய சுத்துறதை என்னால நிறுத்த முடியாது. ஆனா என் போன்ல முழுப் படம் இருக்கு பாருங்க, அதையும் அழிச்சாச்சு. குப்பையில கிடந்ததும் காலி. மேட்டர் முடிஞ்சுது!

– முழுப் படமா? அது... திரும்ப எடுக்க முடியுமா?

– சான்ஸே இல்ல, கவலைய விடுங்க. வேற யார்கிட்டயும் அது கிடையாது. வெளிய சுத்துறதெல்லாம் நான் வெட்டிப் போட்டது.

– எதுக்கு வெட்டின?

– மீம்ல ஒரு மூஞ்சிதான் இருக்கணும்ணே, ரெண்டு இருந்தா ஜோக் எடுபடாது. பக்கத்துல ஒரு அக்கா உங்களைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சுட்டிருந்தாங்க. கழிச்சு விட்டுட்டேன். அண்ணே? இப்ப சந்தோஷம்தானே?

– அது என் வீட்டுக்காரி. போய்ச் சேந்துட்டா. வீடு பூராத் தேடிட்டேன், அவ சிரிக்கிற மாதிரி ஒரு படம் இல்ல. நீ வெட்டின அந்தப் பாதியைக் கேக்கத்தான் வந்தேன், தம்பி.