அம்பு ஒட்டிய இடம்

— மணி பதினொண்ணரை, பூவாத்தாக்கா! ஆடிட்டர் வர்ற நாளும் அதுவுமா செக்கிங் செக்சனே உங்களுக்காக—

— சொல்லறதக் கேளுங்க ரித்தீஷ் தம்பி, நா சும்மா ஒண்ணும்—

— கேக்கறதுக்கு நேரமில்லீங்க. இந்தாங்க, மினிட்ஸ் நோட்டு. போன தடவ மாதிரியே, "பெண்களிடமிருந்து புகார் எதுவும் வரவில்லை." கீழ உங்க கையெழுத்து. அவ்வளவுதா.

— காலீல எட்டரைக்கே வந்து நோட்டப் பாத்துட்டுத்தானுங்க வெளிய போனேன். ஆனா புகார் வந்திருக்குதுங்களே.

— எங்கிருந்து?

— நாலாவது லைன் டெய்லரு, ஜுவைரியா. எழுதியே குடுத்திருக்குது.

— உங்ககிட்டக் குடுக்கச் சொல்லி எவ சொன்னா?

— கேட்டுல நீங்க மாட்டுன போர்டுதானுங்க. "புகார்க் குழுத் தலைவர் பூவாத்தாள்." கீழ எம் போன் நம்பரு.

— அடக் கெரகமே! கண்டவளும் எனக்குப் போன் பண்ணக்கூடாதுன்னு உங்க நம்பரப் போட்டேன். போர்டு, வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் அனுப்பற ஆடிட்டர் பாக்கறதுக்கு, அக்கா. தலைவர்னு போட்டா நெசத் தலைவராயிருவீங்களா? பனியன்ல ஓட்டை பாத்து ஸ்டிக்கர் ஒட்டற கைக்கு இதெல்லாம் எதுக்கு?

— கமிட்டீல பாதியாவது பொம்பளைங்க இருக்கோணும், தலைவரும் பொம்பளதான்னு சட்டமாமுங்க.

— சட்டம்! டெல்லில ஏசி ரூம்ல உக்காந்து எழுதறவனுக்கு எக்ஸ்போர்ட்டப் பத்தி என்ன தெரியும்? எங்கம்மா பேரத்தா போடலாம்னு பாத்தேன், இங்க வேல செய்யறவங்கதா வேணும்னு ஆடிட்டர் சொல்லிட்டான். இருக்கறதுலயே வாயில்லாத ஆளுன்னு பாத்து உங்களப் போட்டேன்.

— வாயி இருந்துதுங்க. வேல நேரத்துல பேசக்கூடாதுன்னு நீங்க மொதலாளியான அன்னைக்கே அதுக்கும் ஒரு போர்டு வெச்சீங்களே.

— நக்கலு? பதினெட்டு வருச வேலைங்க. நாளைக்கும் இருக்கோணுமா, வேண்டாமா?

— இருக்கோணுமுங்க. அந்தப் பயத்துலதா எட்டுத் தடவ படிக்காமயே போட்டுக் குடுத்தேன். இந்தத் தடவ படிச்சுட்டனுங்க.

— பெரிய படிப்பு! செரி, யாரு, சூப்பர்வைசர் லிங்கசாமிதானே? பல்லடம் யூனிட்டுக்குத் தூக்கியடிச்சர்றேன். ரூமுக்குக் கூப்புட்டு ரெண்டு வார்த்தை சிரிச்சுப் பேசுனா இவளுகளுக்கு அதும் ஒரு புகாரு!

— லிங்கசாமிக்கு ஏதுங்க தம்பி ரூமு? அந்தாளு உக்கார ஸ்டூலு கூட இல்லீங்களே.

— அட, கீழ கார் வந்து நிக்குது பாருங்க, ஆடிட்டரு. நோட்டத் தாங்க, நானாச்சும் சைன் பண்ணித் தொலைக்கறேன். இதென்ன, மொதலாளின்னு போட்ட எம் பேருகிட்டச் செவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கறீங்க? ஓ, இங்கதா போடோணுமா! பரவால்லியே, இந்தளவுக்காச்சும் மூளை வேல செய்யுது.

— அது கையெழுத்துப் போடற எடமில்லீங்க தம்பி, டேமேஜ் இருக்கற எடத்துலதா நாங்க அம்பு ஒட்டறது. மொதலாளி மேலயே புகாருன்னா எங்க கமிட்டி விசாரிக்க முடியாதாமுங்க, கலெக்டர் ஆபீஸ் கமிட்டிக்குத்தா போகோணுமாம்; ஜுவைரியாவக் கூட்டிட்டுப் போயி அங்க குடுத்துட்டு வந்ததுலதா லேட்டாயிப் போச்சுங்க.