மீசை வைத்த கடல்கன்னி

— மீசையோட ஒரு கடல்கன்னிய பேனர்ல போட்டா ஊரு என்ன சொல்லும் கயலு? நாளைக்கு அப்பாவுக்கு மொத வருஷ நினைவு நாளு. டீசென்டா இருக்க வேணாமா?

— அடப் போண்ணா. வாலு அட்டையில வரைஞ்சது. மூஞ்சி மட்டுந்தான் அப்பா. கடலூரு சில்வர் பீச்சுல, அந்த அட்டை ஓட்டையில தலைய வுட்டு எடுத்தது. அவரு பல்லு தெரிய சிரிச்ச போட்டோ இது ஒண்ணுதான்.

— ரேஷன் கார்டு போட்டோ இருக்குல்ல?

— அதுல கோழி திருடி மாட்டிக்கிட்ட மாதிரி இருக்காரு.

— ஜெயப்பிரகாஷு, பிளக்ஸ் கடை வெச்சிருக்க, நீ சொல்லுப்பா. டீசென்டா எதுனா பண்ண முடியுமா?

— பண்ணிடலாம் சார். வால வெட்டிட்டு கோட்டு சூட்டு மாட்டிடலாம். ரெண்டே நிமிசம்... இந்தாங்க, பாருங்க.

— ஆங்! இது டீசென்ட்டு!

— யாருண்ணா இது? எலெக்‌ஷன்ல டெபாசிட் போன சுயேச்சை மாதிரி இருக்காரு. கரும்பு டிராக்டர் ஓட்டுன மனுசனுக்கு டை எதுக்கு? சட்டைக்கே மேல் பட்டன் போட மாட்டாரு.

— ஏய், எம் மாமனாரு கடலூர்லேருந்து வராரு. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரு. பஸ்ஸ வுட்டு எறங்குனா மொத பேனரே இதான். சிரிச்சுட்டா?

— சிரிக்கட்டும். நம்மள டிராக்டர்ல ஏத்தி பீச்சுக்கு ஓட்டிட்டுப் போனாரே, அன்னைக்கே ஊரு சிரிச்சுது. பின்னாடி வந்த பஸ்ஸெல்லாம் ஆரன் அடிக்குது, இவரு ஓட்டு கேட்டு வந்தவரு மாதிரி கும்புடு போட்டுக்கிட்டே போறாரு.

— கும்புடு மட்டுமா? ஹ்ஹ... ‘ஒங்க ஆதரவுக்கு நன்றி’ன்னு வேற கத்துனாரு.

— பாத்தியா, சிரிக்கிற!

— சிரிக்கல. தும்முனேன்.

— அலைய பாத்துட்டு ஓன்னு அழுதது யாரு? எட்டு வயசுக் கழுதை! ஒன் அழுகைய நிறுத்தத்தான் அவரு ஓட்டையில தலைய வுட்டாரு. நீ ‘இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி’ன்னு கேட்டு, ஏழாவது வாட்டி காது மாட்டிக்கிச்சு. போட்டோ கடைக்காரன் தேங்கா எண்ணெ தடவியில்ல இழுத்தான்!

— எல்லாம் ஞாபகம் இருக்கு கயலு. அதான் வம்பே. அந்தக் கோட்டுக்காரர பாத்தா எனக்கு ஒண்ணும் ஆவல. இந்தச் சிரிப்ப பாத்தா அழுதுடுவேன். அம்பது பேரு முன்னாடி, மாமனாரு முன்னாடி, ஒன் அண்ணன் தேம்பித் தேம்பி அழுவணுமா?

— அண்ணா...

— பேரு போட்டுடலாங்களா சார்? ஐயா பேரு?

— கலியமூர்த்தி, கீரப்பாளையம். கோட்டு சூட்டே இருக்கட்டும்ப்பா.

— பண்ணிடலாம் சார்... இருங்க, இருங்க. இதே பேருல, இதே ஊருல ஏற்கெனவே ஒரு பைல் கெடக்கே! நான் கடைய எடுத்து ஆறு மாசந்தான் ஆவுது, இது ரெண்டு வருஷத்துக்கு முந்தி. பழைய ஓனரு குறிப்பு போட்டு வெச்சிருக்காரு: ‘ஐயாவே நேர்ல வந்தார். பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் வந்தால் இதை அடித்துக் கொடுக்கவும்.’

— அன்னைக்கு டீ குடிச்சுட்டு வரேன்னுதான கயலு என்னைய பஸ் ஸ்டாண்டுல ஒக்கார வெச்சுட்டுப் போனாரு!

— தம்பி, அப்பா எந்த போட்டோ குடுத்திருக்காரு?

— வாலோடதுதான்க்கா.

— அடியில என்னமோ எழுதியிருக்கே. கண்ணு கலங்குது, தெரியல. படிப்பா.

— ‘இதப் பாத்து சிரிக்காதவங்களுக்கு எங்க வூட்டுப் பந்தியில எடம் கெடையாது. சம்பந்தியா இருந்தாலும் சரி. இப்படிக்கு, கலியமூர்த்தி.’