ரெண்டாவது கையெழுத்து

வேண்டாம் அண்ணை, தேத்தண்ணி ஒண்டும் போடாதேங்கோ. இவர் காருக்குள்ளதான் இருக்கிறார், அந்தா உங்கட கேற்றுக்கு நேரை. டீலரோட போனில கதைச்சுக்கொண்டிருக்கிறார், முடிய வருவார். நீ முன்னுக்குப் போய்க் கேள், நகுலா கேட்டா சச்சிதானந்தன் அண்ணை மாட்டன் எண்டு சொல்லமாட்டார் எண்டு என்னை இறக்கிவிட்டவர்.

ஓம், அந்தப் போம்தான். பேரும் போன் நம்பரும் எழுதி, சம்மதமெண்டு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். இந்த லண்டன் மோர்டனில உங்கட கையெழுத்து இல்லாத பாஸ்போட் படம் இருக்கே? பார்மசி வைச்சிருந்த காலத்தில ஆர் எவரெண்டு பாராமல் எத்தினை பேருக்குப் போட்டுக் குடுத்தனீங்கள். எங்கட மகள் கோசிகாவுக்கும் நீங்கள்தானே போட்டது.

துவக்கு லைசென்ஸுக்குத்தான் அண்ணை. ஐயோ, அப்பிடி முழிக்காதேங்கோ! எல்லாம் சட்டப்படிதான். முத்திரை சேர்க்கிறவை இல்லையே, பழைய மணிக்கூடு சேர்க்கிறவை இல்லையே, இவருக்குத் துவக்கு. போன வருசம் வேலையால நிப்பாட்டின பிறகு பிடிச்ச விசர். குறொய்டன் பக்கம் ஒரு ஹோலில பழைய ஆமிச் சாமான் விக்கினமெண்டு சும்மா பாக்கப் போனவர், ஒண்டைத் தூக்கிக்கொண்டு வந்திட்டார். ரெண்டாம் உலக யுத்தத்தில வெள்ளைக்கார ஆமி வைச்சிருந்த ரைபிள். அது செத்த துவக்கு அண்ணை. குழாயை அடைச்சு, எல்லாத்தையும் ஒட்டி, இது இனிச் சுடாதெண்டு சேர்ட்டிபிகேட்டோடதான் விக்கிறவை. போல்ட்டைக்கூட அசைக்கேலாது. சுவரில கொழுவுறதுக்கெண்டுதான் வாங்கினவர்.

கொழுவேல்லை. குசினி மேசையிலதான் கிடக்குது. கோப்பையை ஒரு கரையில தள்ளி வைச்சுச் சாப்பிடுறம். கோசிகா அந்த மேசையைப் பாத்த நாளோட வீட்டை வாறதை நிப்பாட்டிட்டாள். அவளோட இப்ப இவரின்ர போனிலதான் கதைக்கிறது. என்ர போன் இவரின்ர பொக்கற்றுக்குள்ள, நான் எங்கையாவது துலைச்சுப்போடுவனாம்.

எனக்கும் இப்ப எல்லாம் பாடம் அண்ணை. புதுசாச் சேர்க்கிறவன் முதல்ல நம்பர் பாக்கோணும், போல்ட்டில இருக்கிறதும் உடம்பில இருக்கிறதும் ஒண்டோ எண்டு. மரத்தில வெடிப்பு இருக்கோ, குழாய்க்குள்ள துரு பிடிச்சிருக்கோ எண்டு ரோர்ச் அடிச்சுப் பாக்கோணும். பழைய மரத்தை அரத்தாளால தேய்க்கப்படாது, மதிப்புக் கெட்டுப்போமாம். என்னைப் பொம்பிளை பாக்க வந்தண்டு இதில காவாசியெண்டாலும் பாத்திருப்பாரோ தெரியாது! சிரியுங்கோ அண்ணை, இஞ்சாலதான் பாக்கிறார்.

இப்ப உயிருள்ளது வேணுமாம். அதே இனம், அதே நாப்பத்திமூண்டாம் ஆண்டு, ஆனா சுடுறது. டீலர் எடுத்து வைச்சிருக்கிறான், லைசென்ஸைக் காட்டினாத்தான் குடுப்பான். இவர் கிளப்பொண்டில சேர்ந்து ஆறு மாசமாச் சுடப் பழகுறார், அங்கை நல்ல பேர். இரும்பு அலுமாரி வாங்கிச் சுவரில பூட்டியாச்சு. திறப்பு எங்கை இருக்கெண்டு எனக்குத் தெரியப்படாதாம், அதுவும் சட்டம்தானாம்.

பொலிஸ்காரர் வீட்டை வந்து பாப்பினம் அண்ணை, ஓம். அடுத்த கிழமை. என்னையும் கேப்பினமாம், வீட்டில பிரச்சினை ஏதும் இருக்கோ எண்டு. அதுக்கும் பழக்கியாச்சு. இவர் பொலிஸ்காரர்மாதிரிக் கதிரையில இருந்து கேப்பார், நான் நோ சேர், வெரி ஹப்பி சேர் எண்டோணும். முதல் நாள் கொஞ்சம் யோசிச்சுப்போட்டன். பேந்து ஒருநாளும் யோசிக்கேல்லை. வாற நேரம் இவரும் பக்கத்திலதான் இருப்பார்.

அதோட, இவரைப்பற்றிச் சொல்ல ரெண்டு பேர் வேணும். ஒராள் கிளப்பில ஒரு வெள்ளைக்காரர், அவர் ஓமெண்டிட்டார். மற்றது நீங்கள்.

போனை வைச்சிட்டாரோ? இல்லை, இன்னும் கதைக்கிறார். அண்ணை, இப்ப நான் சொல்லுறதைக் கெதியாக் கேளுங்கோ. யன்னல் பக்கம் திரும்பாதேங்கோ.

இவர் டென்மார்க்கில பதினாலு வருசம் இருந்திட்டு வந்தவரெல்லே. டேனிஷ் தண்ணி பட்ட பாடு. இங்கிலிஸ் கதைப்பார், வாசிக்கிறதெண்டா நான்தான். இந்தப் போமையும் அதோட வந்த விளக்கத்தையும் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து நான்தான் வாசிச்சுத் தமிழில சொன்னது. எல்லாம் சொன்னன் அண்ணை, ஒரு வரியை மட்டும் சொல்லேல்லை. பேர் குடுத்த ஆக்களோட பொலிஸ் தனியக் கதைக்கும், அவை என்ன சொன்னவையெண்டு லைசென்ஸ் கேட்டவருக்குச் சொல்லாது எண்டு ஒரு வரி. அதை விரலால மறைச்சுக்கொண்டு அடுத்த வரிக்குப் போயிட்டன். இவர் காணேல்லை.

அப்ப இவர் நினைச்சுக்கொண்டிருக்கிறார், கையெழுத்தோட உங்கட அலுவல் முடிஞ்சுதெண்டு. போடுங்கோ அண்ணை, நல்லாப் போடுங்கோ. போடாட்டி, ஏன் போடேல்லையெண்டு வீட்டை போய் என்னட்டத்தான் கேப்பார். பொலிஸ் உங்களுக்குப் போன் எடுக்கும், அப்ப சொல்லுங்கோ, இந்த மனிசனிட்டக் குடுக்காதேங்கோ எண்டு. நான் சொன்னதெண்டே சொல்லுங்கோ.

தெரியும். கோயில்ல இவரோட ஒரு பந்தியில இருந்து சாப்பிட்டனீங்கள். நல்ல மனிசனெண்டு எல்லாரும்தான் சொல்லுவினம். அண்ணை, குடும்ப விசயத்துக்க நான் என்னெண்டு தலையிடுறதெண்டு மட்டும் கேட்டுப்போடாதேங்கோ, கும்பிட்டன்.

இல்லை, அடிக்கிறேல்லை. சத்தியமா ஒரு அடி அடிச்சதில்லை. காட்டுறதுக்கு என்னட்ட ஒரு காயமும் இல்லை, அதாலதானே ஆரிட்டையும் வாய் திறக்கேலாமக் கிடக்குது. ராச்சாப்பாடு முடிஞ்சு நான் சிங்கில கோப்பை கழுவேக்க, இவர் அந்தச் செத்த துவக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால வந்து என்ர பிடரியில வைப்பார். குளிரும். அது சுடாதெல்லே, அதால நாக்கால டிக் எண்டு ஒரு சத்தம் போடுவார். பேந்து திருப்பி மேசையில வைச்சிட்டு, கறி நல்லாயிருந்தது நகுலா எண்டுவார். எட்டு மாசமா ஒருநாளும் தவறேல்லை. எனக்குப் பயமாக்கிடக்கு அண்ணை.

கார்க் கதவு சாத்துற சத்தம். பேனையை எடுங்கோ. சிரியுங்கோ அண்ணை.