பதினெட்டு மணித்தியாலத் திருச்சி

கொழும்பையும் திருச்சியையும் இருந்த இடத்திலிருந்து நகர்த்தி, எட்ட எட்ட வைத்தவன் நான்தான். கொட்டகலையில் என் வீட்டு நாற்காலியை விட்டு எழும்பாமலே செய்தேன். பக்கத்து வீட்டு இராசரத்தினம் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக் கணக்கு வாத்தியார், நம்பவே மாட்டார். "உம்மட வாயால தூரம் நீளாது காணும், கந்தப்பன்" என்பார். நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பிளேன் ஏறினேன், சிங்கப்பூருக்கு. அதை இதுவரை நாற்பது விதமாகச் சொல்லியாயிற்று; ஒரு விதத்தில் பாதித் தூரம் நானே ஓட்டினேன். ஆகவே பிளேன் சங்கதி எதுவானாலும் என்னிடம்தான் கேட்பார்கள்.

போன மாசியில் என் மனைவி மீனம்மாவும் கேட்டாள். திருச்சியில் அவள் அக்கா வேலாயி படுத்த படுக்கை. கண் மூடுமுன் தங்கச்சியைப் பார்க்கணும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். மூன்று வருஷமாகச் சேலை அடுக்கில் வைத்திருந்த பாஸ்போட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள் மீனம்மா.

"பிளேன்ல எவ்வளவு நேரங்க?"

ஒரு மணித்தியாலம். இங்கிருந்து ரயில் நாவலப்பிட்டியைத் தொடுமுன் பிளேன் திருச்சியில் இறங்கிவிடும். ஆனால் போனால் ஒரு மாதம் தங்கிவிடுவாள். விடியற்காலையில் எனக்கு இஞ்சி தட்டிப்போட்டு, பால் விடாமல் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றுவது யார்? நியாயமான கேள்விதானே.

"பதினெட்டு மணித்தியாலம்" என்றேன். "முழங்கால நீட்டக்கூட எடமிருக்காது."

அவள் சந்தேகப்படவில்லை. எழுபத்திநாலில் அக்கா புருஷன் வீட்டாரோடு இந்தியாவுக்குப் போனபோது, ரயிலும் கப்பலுமாக மூன்று நாள் ஆனது என்று கடுதாசி போட்டிருந்தாளே. "மூணு நாளு பதினெட்டு மணித்தியாலமா கொறைஞ்சிருச்சா? வேகந்தாங்க" என்று முழங்காலைத் தடவிக்கொண்டு பாஸ்போட்டைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

அக்கா மகன் மதுரன் தினமும் கூப்பிட்டான். "ஒங்க சின்னம்மாவுக்குப் பயணம் ஒத்துக்காது தம்பி" என்று நானே பதில் சொன்னேன். போன் என் சட்டைப்பையிலேயே இருந்ததால் யாருக்கும் சிரமமில்லை. வேலாயி இருபத்திரண்டு நாள் வாசலைப் பார்த்தபடி கிடந்து போய்ச் சேர்ந்தாளாம்.

கருமாதிக்கு மதுரனே வந்து சின்னம்மாவைக் கூட்டிப்போனான். இறங்கியதும் அவன் போனில் மீனம்மா பேசினாள். சத்தம் போடவில்லை.

"ஒரு மணித்தியாலங்கூட ஆகலங்க."

எப்போது திரும்புகிறாய் என்று கேட்டேன்.

"பதினெட்டு மணித்தியாலம் குந்தியிருக்க என் முழங்கால் தாங்காதுங்க" என்று வைத்துவிட்டாள்.

அது நடந்து ஆறு மாதம். இன்றைக்கு, நானே ஊற்றிய சாயத்தண்ணியை மாஸ்டருக்குக் கொடுத்து, ஒன்று விடாமல் சொன்னேன். ஒரு வாய் குடித்தவர் கோப்பையைக் கீழே வைத்தார். அப்புறம் அதைத் தொடவேயில்லை.

"ஒரு மணித்தியாலத் தூரம். ஆறு மாசமாயும் ஆள் வந்து சேரேல்லை" என்றார். "ஓம் கந்தப்பன், நீண்டுதான் போச்சு. நீர்தான் நீட்டினது."

மாஸ்டர் என்னிடம் தோற்றது இதுதான் முதல் தடவை. மீனம்மா வந்ததும் முதலில் இதைத்தான் சொல்லவேண்டும்.