மூட்டை வாயிலிருந்து அள்ளிய மாவு

மாவைப் பார்த்தால் எல்லாருக்கும் மாவாகத்தான் தெரியும். அதில் தவறொன்றும் இல்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரம் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. விசாரணை அதிகாரி ஐயா, தாங்கள் எனக்கு நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அவசரப்படாமல் சொல்லச் சொன்னீர்கள். அதற்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

துறைமுகச் சுங்க அலுவலகத்தில், அரைத்த தானியங்களை வகைப்படுத்தும் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கப்பலில் வந்திறங்குவது மாவா, ரவையா, தவிடா என்று முடிவு செய்து, அதற்குரிய எண்ணை எழுதிக் கையெழுத்திட வேண்டும். கோதுமை மாவுக்கு முக்கியமான சோதனை ஒன்று உண்டு. ஈரம் போக உலர்த்தி உலையில் எரித்தால், மிஞ்சும் சாம்பல் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது மாவு அல்ல, தவிட்டு வகை, கால்நடைத் தீவனம். தீவனம் என்று நான் எழுதிவிட்டால், மேலிடத்தின் அவசர விலக்கு இல்லாமல் அதை மனிதருக்குக் கொடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

என் தம்பியும் அதே பிரிவில்தான் இருந்தான். என்னைவிட எட்டு வயது இளையவன். சல்லடையைப் பிடிக்கும் விதம் முதல், சாம்பல் கிண்ணத்தை ஆறவைத்து நிறுப்பது வரை எல்லாம் நான் கற்றுக்கொடுத்தது. கெட்டிக்காரன், அதை மறுக்க மாட்டேன். எல்லாரோடும் சிரித்துப் பேசுவான். கிடங்கு மேஸ்திரி ஒருநாள் என் காது படவே சொன்னார்: "பெரியவர் நாள் பூரா சலிச்சாத்தான் அது மாவு. சின்னவரு பாத்துச் சிரிச்சாலே மாவாயிடும்." சுமை இறக்குபவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த மாதம்தான் பிரிவுத் தலைவர் பதவிக்கு, என்னை விட்டுவிட்டு அவன் பெயரை மேலிடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அவனே வீட்டுக்கு வந்து சொன்னான்.

"அண்ணே, உனக்கு மனசுல ஏதாவது இருந்தா சொல்லிடு. எனக்கு வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்."

"பைத்தியக்காரா, போய் வேலையைப் பாருடா" என்றேன். மூத்தவன் சொல்ல வேண்டியது அதுதானே.

அடுத்த வாரம் வெள்ளம் வந்தது. நகரின் கடைகளெல்லாம் நீரில் மூழ்கின. ஆற்றோர மக்கள் ஆயிரத்து நூற்று நாற்பது பேரை, மேட்டிலிருந்த பழைய நூற்பாலைக் கட்டடத்தில் தங்கவைத்தார்கள். பாலங்கள் உடைந்ததால், துறைமுகச் சாலை ஒன்றுதான் அவர்களுக்கு மிஞ்சிய வழி. அவர்களுக்கென்று ஒரு தொண்டு நிறுவனம் அறுநூறு மூட்டை கோதுமை மாவைக் கப்பலில் அனுப்பியது. தவிட்டோடு சேர்த்துக் கரகரப்பாக அரைத்த மாவு. அத்தகைய மாவில் சாம்பல் எல்லைக்கோட்டை ஒட்டியே நிற்கும்.

தம்பி சோதித்தான். இரண்டு புள்ளி மூன்று. மாவு என்று எழுதிவிட்டு, மறுநாள் காலையில் இரண்டாம் கையெழுத்துக்காக என்னிடம் வந்தான்.

"அண்ணே, ஒரு கையெழுத்து போட்டுடு. வாசல்ல லாரி நிக்குது."

"நானும் ஒரு தடவை பாத்துடறேன்டா."

"பாரு பாரு. நீ பாக்காம விடமாட்டேன்னு தெரிஞ்சுதான் டிரைவருக்கு டீ சொல்லிட்டு வந்தேன்."

எனக்கு இரண்டு புள்ளி ஏழு வந்தது. தீவனம் என்று எழுதினேன். இரண்டு முடிவுகள் முரண்பட்டால், தலைமையகம் தீர்ப்புச் சொல்லும்வரை சரக்கைக் கிடங்கில் நிறுத்திவைக்க வேண்டும்; அதுவரை விலக்கும் கேட்க முடியாது. தீர்ப்பு வரப் பத்தொன்பது நாட்கள் ஆயின.

அந்த நாட்களில் முகாமின் செவிலியர் தினமும் காலையில் என் மேசைக்கு வருவார். முழங்கால் வரை சேறு இருக்கும்.

"சார், ஒரு பத்து மூட்டையாவது விடுங்க. கஞ்சி காய்ச்சக்கூட ஒண்ணுமில்ல."

"எழுத்துல குடுங்கம்மா."

எழுதிக் கொடுப்பார். ஒரு மனுவையும் நான் மறுத்ததில்லை. எல்லாவற்றுக்கும் முத்திரையும் தேதியும் இட்டு வாங்கிக்கொண்டேன். பதினோராவது மனுவில் ஆட்களின் எண்ணிக்கை ஆயிரத்து நூற்று முப்பத்தொன்று என்றிருந்தது. முந்தைய மனுக்களோடு ஒத்துப்போகவில்லை. சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் அதே தாளை, எதையும் திருத்தாமல் என் முன்னே வைத்தார்.

"தப்பில்ல சார். சரியாத்தான் எண்ணியிருக்கேன்."

அதன்பிறகு நான் வட்டமிடவில்லை. பத்தொன்பதாவது மனுவில் எண்ணிக்கை ஆயிரத்து நூற்று மூன்று. இடையில் குறைந்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் இணைத்திருந்தார். வயது எழுதும் இடத்தில், ஒரு வரியில் மட்டும் 'பன்னிரண்டு நாள்' என்று இருந்தது.

தலைமையகம், நான் அனுப்பியிருந்த மாதிரியைச் சோதித்து, தீவனம்தான் என்று தீர்ப்புச் சொன்னது. பழி தம்பியின் மேல் விழுந்தது. அவன் முதலிலேயே தீவனம் என்று சரியாக எழுதியிருந்தால், அவசர விலக்குக் கேட்டு ஒரே நாளில் சரக்கை விடுவித்திருக்கலாம்; மாவு என்று தவறாக எழுதி முரண்பாட்டை உண்டாக்கியதால்தான் முப்பத்தேழு உயிர்கள் போயின என்றார்கள். அவனும் அதை நம்பினான். தினமும் மாலையில் அவன் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்வேன். தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும்.

"நான் எங்கண்ணே கோட்டை விட்டேன்?"

"மாதிரி எடுக்கறப்ப குத்தூசிய மூட்டையோட அடிவரைக்கும் இறக்கினியா?"

"இறக்கினேன்னுதான் நெனைக்கிறேன்."

"அவசரத்துல பாதியிலேயே உருவியிருப்ப. எல்லாருக்கும் நடக்கறதுதான்டா."

"ஆமாண்ணே. அப்படித்தான் இருக்கும்." தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "நீயாவது என்னை வெறுக்காம இருக்கியே" என்பான்.

நேற்று தங்கள் முன்னிலையில் குத்தூசியைப் பாதியில் உருவியதாக அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறான். சாட்சி என்ற முறையில் எனக்கும் ஒரு படி கொடுத்தீர்கள். அதில் தொழில்முறைப் பிழை ஒன்று இருக்கிறது. அது அப்படியே கோப்பில் ஏறுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

கப்பல் ஆட்டத்தில் மாவு மூட்டைக்குள் குலுங்கும்போது, நுண்ணிய மாவு அடியில் இறங்கிவிடும். தவிட்டுச் செதில்கள் மேலே ஏறிவிடும். ஆகவே மூட்டையின் வாயிலிருந்து கையால் அள்ளினால் தவிடு கூடுதலாக வரும், சாம்பலும் ஏறும். குத்தூசியை அடிவரை இறக்கி உருவினால்தான் எல்லா அடுக்கும் கலந்த உண்மையான மாதிரி கிடைக்கும். பாதியில் உருவியிருந்தால் சாம்பல் கூடியிருக்குமே தவிர, குறைந்திருக்காது. தம்பி அடிவரைதான் இறக்கினான். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஏனென்றால் முதலில் நானும் குத்தூசியால்தான் எடுத்தேன். நான்கு மணி நேரம் எரித்தேன். எனக்கும் இரண்டு புள்ளி மூன்றுதான் வந்தது.

அதைப் பென்சிலால் குறித்துவிட்டு, பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். வெளியே தம்பியும் லாரி ஓட்டுநரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். பென்சில் எழுத்தை அழித்தேன். மறுபடி கிடங்குக்குப் போய், குத்தூசி இல்லாமல், மூட்டைகளின் வாயைப் பிரித்து மேலிருந்து கையால் அள்ளினேன். அதையும் எரிக்க நான்கு மணி நேரம் ஆயிற்று. உலைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். எப்போது வேண்டுமானாலும் அதை அணைத்திருக்கலாம்.

யாரும் சாக வேண்டுமென்று நான் நினைக்கவில்லை. அவன் ஒரே ஒருமுறை தவறியதாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாளில் தீர்ப்பு வந்துவிடும் என்றும் நினைத்தேன். வராதபோது, அந்தப் பத்தொன்பது நாட்களில் எந்த நாளிலும் என் முடிவை நான் திரும்பப் பெற்றிருக்கலாம். ஆனால் என் பணிப்பதிவேட்டில் இதுவரை ஒரு திருத்தம்கூட இல்லை, ஐயா.

இதைத் தம்பிக்கு யார் சொல்வது என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து நானே சொல்ல அனுமதியுங்கள். அவன் இளகிய மனத்தவன். வேறு யார் சொன்னாலும் உடைந்துபோவான். இத்தனை நாளும் பக்கத்தில் இருந்து அவனைத் தேற்றியவன் நான் ஒருவன்தானே.