கூட்டமில்லாத ஊர்கள்

– திரும்புங்க அண்ணி, இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு. இந்த முதுகை ஊரைக் கூட்டிக் காட்டணும். கண்ணுள்ளவங்க வாங்க, நெஞ்சுள்ளவங்க வாங்க, ஒரு மனுஷி முதுகுல ஒரு பெல்ட்டு என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாருங்கன்னு...

– கூட்டத்துல பேச வேண்டியதை என் முதுகுப் பக்கம் நின்னு பேசாத நாத்தனாரே. நீ பையை மாட்டி விடு.

– மாட்டறேன். கையை நீட்டுங்க. எங்கே எரியுது?

– எரியாத இடத்தைக் கேளு, சீக்கிரம் சொல்லிடுவேன். பை பட்டை சரியா பெல்ட்டுக் கொக்கி பட்ட இடத்துலயே வந்து உக்காருது. அளவெடுத்து அடிச்சிருக்கார் உங்கண்ணன். பத்து வருஷம் தைச்சும் எனக்கு இவ்வளவு துல்லியம் வரல.

– சிரிக்காதீங்க அண்ணி.

– சிரிச்சா விலா வலிக்குதுன்னு எனக்கும் தெரியும். துண்டை நாலா மடிச்சுத் தோள்ல வை. ம், இப்போ தாங்குது. எத்தனை சோடி துணி வெச்சிருக்க?

– மூணு. சுருட்டி வெச்சா இன்னொண்ணுக்கும் இடம் இருக்கு. வழியை ஒருக்கா வாசிக்கறேன், கேளுங்க. நாளைக்குக் காலை ஆறு பத்து பாசஞ்சர்ல நாம ரெண்டு பேரும் ஏறறோம். முன்பதிவு கிடையாது, அதனால எந்தப் பட்டியல்லயும் பேர் ஏறாது. மத்தியானம் மலையடிவாரத்துல ஒரு குட்டி ஸ்டேஷன். அங்கே ரெண்டு நாள். அப்புறம் கிளைப்பாதை, ஒரு நாளைக்கு ஒரே ஒரு வண்டி. இப்படியே பதினோரு ஊர், இருபத்திமூணு நாள். எந்த ஊர் பேரும் எந்த விளம்பரத்துலயும் வந்ததில்ல. கடைசியில உங்களுக்குத் தையல் வேலை பேசி வெச்சிருக்கிற நகரம். எங்க பெண்கள் சங்கத் தோழி பிளாட்பாரத்துல நிப்பா.

– ஜன்னலோரம் கிடைக்குமா?

– பெட்டியே காலியா இருக்கும் அண்ணி. ஒரு ஆளுக்கு நாலு ஜன்னல்.

– நேரா போனா பதிமூணு மணி நேரம். அதுக்குப் போய் இருபத்திமூணு நாள்.

– நேரா போற ரெண்டு வண்டியிலயும் டிக்கெட் பரிசோதகர் யாரு? உங்க புருஷன். போன தடவை நேராத்தானே போனீங்க.

– அதை விடு.

– விடமாட்டேன். விட்டு விட்டுத்தான் இது இவ்வளவு வளர்ந்திருக்கு. பட்டியல்ல உங்க பேரைப் பார்த்தான். நாலாவது ஸ்டேஷன்ல ஏறினான். கறுப்புக் கோட்டோட வந்து உங்ககிட்டயே டிக்கெட் கேட்டான். வாங்கினான், சரிபார்த்தான், கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தான். அப்புறம் முடியைப் பிடிச்சுப் பெட்டி நீளத்துக்கும் இழுத்துட்டுப் போனான். எழுபத்திரெண்டு பேர் உக்காந்திருந்த பெட்டி.

– அவங்களைச் சும்மா திட்டாத. யாரும் சும்மா இருக்கல. எல்லாரும் அவங்கவங்க டிக்கெட்டை எடுத்துக் கையில தயாரா வெச்சுக்கிட்டாங்க.

– அநியாயத்தை எதிர்க்க வாயில்லாதவனுக்கு, அதுக்கு வழிவிட்டு ஒதுங்க மட்டும் கால் இருக்கு.

– நல்லா இருக்கு. அச்சகத்துல துண்டறிக்கையா அடிச்சுடு. இப்ப இதைச் சொல்லு, இந்த வண்டிகள்ல பரிசோதகர் ஏறமாட்டாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்? கால அட்டவணையில அதெல்லாம் போடமாட்டாங்களே.

– விசாரிச்சேன்.

– யாரை?

– தெரிஞ்சவங்களை.

– நீ அச்சகத்துல பிழை திருத்தறவ. உன் எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். இந்தத் தாள்ல ஒவ்வொரு எழுத்தும் கட்டம் கட்டமா நிக்குது. இது யார் எழுத்து?

– கோபப்படக் கூடாது.

– யார் எழுத்து?

– அண்ணன் எழுத்து. பொறுங்க, முழுசாக் கேளுங்க. நானும் ஒரு தோழியும் முதுகுப் பையை மாட்டிக்கிட்டு ஊர் சுத்தப் போறோம், கூட்டமில்லாத ஊரா, பரிசோதனைத் தொந்தரவு இல்லாத வண்டியா சொல்லுன்னு கேட்டேன். ரயிலைப் பத்திக் கேட்டா அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஒரு மணி நேரம் உக்காந்து அவனே எழுதினான். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை வரல. எதிரி கையில இருக்கிற ஆயுதத்தையே பிடுங்கி...

– பூனைகிட்டப் போய் எலி வளைக்கு வழி கேட்டுட்டு வந்திருக்க.

– அவனுக்குத் தெரியாது அண்ணி.

– எத்தனை பேர்னு கேட்டாரா?

– கேட்டான். ரெண்டு பேருன்னு சொன்னேன்.

– அந்தத் தோழி யாருன்னு கேட்டாரா?

– இல்ல.

– போன வருஷம் நீ சினிமாவுக்குப் போனப்ப, கூட வந்த பொண்ணோட அப்பா பேரு வரைக்கும் கேட்டவர். இருபத்திமூணு நாள் போறியே, கூட வர்றது யாருன்னு கேட்கலையா?

– கேட்கல.

– கொடு அந்தத் தாளை. நாலாவது ஊர். 'பார்க்க வேண்டியது, பழைய இரும்புப் பாலம். கைப்பிடி கிடையாது.' ஆறாவது. 'கைவிட்ட கல் குவாரி. தண்ணீர் ஆழம் அதிகம்.' ஏழாவது. 'சுரங்கம். உள்ளே நடந்து போகலாம்.' ஒம்பதாவது ஊருக்கு அடிக்கோடு. 'ஏரி. ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை. தங்க ஒரு பழைய விடுதி, அக்கம்பக்கம் வீடு இல்லை. இங்கே மூன்று நாள்.'

– இயற்கைக் காட்சிதானே அண்ணி, அவன் எப்பவும்...

– பதினோரு ஊர்ல ஒரு ஊர்லயாவது ஆஸ்பத்திரி எழுதியிருக்கா? கடைத்தெரு எழுதியிருக்கா? நாம தப்பிக்க வழி எழுதல உங்கண்ணன். நம்மளை முடிக்க இடம் எழுதியிருக்கார்.

– என் கையால வாங்கிட்டு வந்தேனே. நாடு பூரா பெண்களுக்கு வழிகாட்டப் புறப்பட்டவ, எங்க அண்ணியை நானே கொண்டு போய்...

– அழுகையை அப்புறம் வெச்சுக்க. எழுந்து செருப்பைப் போடு. காலையில இல்ல, இப்பவே போறோம்.

– அண்ணி.

– என்ன?

– கதவுல சாவி திரும்புது.

– ரெண்டு பேரும் உக்காருங்க. தயவுசெஞ்சு ஒத்துழைக்கணும்.

– அண்ணா, நீ டூட்டிக்குப் போகலையா?

– ஆள் மாத்தி விட்டேன். கால் மணி நேரமா படியில நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒம்பதாவது ஊருக்கு நானும் லீவு சொல்லி வெச்சிருந்தேன், தங்கச்சி. உங்க அண்ணி இவ்வளவு கவனமாப் படிப்பான்னு நெனைக்கல. கண்டுபிடிச்ச பிறகு அவ்வளவு தூரம் எதுக்கு அலையணும்?

– தாழ்ப்பாளைப் போடாதீங்க.

– போட்டாச்சு. பொது இடத்துல ஒரு தடவை கை வெச்சேன். பெட்டியில ஒருத்தனும் வாயைத் திறக்கல, ஆனாலும் மேலிடத்துல விளக்கம் கேட்டாங்க. அதனாலதான் அமைதியான இடமாப் பார்த்தேன். முறைன்னு ஒண்ணு இருக்கு.

– கொலைக்கு முறை பேசறியா? கோட்டைப் போட்டுக்கிட்டா மிருகத்துக்கு மனுஷன்னு பேர் வந்துடுமா?

– நகரு. உனக்கும் சேர்த்துத்தான் அந்த ஏரி.

– நகரமாட்டேன். அவங்களைத் தொடணும்னா என்னைத் தாண்டித்தான்...

– நாத்தனாரே, எழுந்திரு. தலையைத் தொடாத, கையெல்லாம் ரத்தம். தலையைச் சுவத்துல மோத வெச்சுட்டீங்களே பாவி மனுஷா, அவ உங்ககூடப் பிறந்தவ.

– வழி மறிச்சா. நீ பையைக் கழட்டு.

– முடியாது.

– பட்டையைப் பிடிச்சா எங்கே வலிக்கும்னு எனக்குத் தெரியும். இங்கே. இப்போ?

– விடு அண்ணா. பட்டை அவங்க கழுத்துல சுத்துது, மூச்சு வரல, முகம் கறுக்குது. அண்ணி, தையல் மெஷின் மேல கத்திரி. இன்னும் கொஞ்சம், எட்டுங்க. அவன் கையில குத்துங்க.

– கையில... ஏய், குத்திட்டியா? என்னைக் குத்திட்டியா?

– கிட்ட வராதீங்க. இப்போ உள்ளங்கையோட போச்சு. அடுத்தது எங்கே இறங்கும்னு எனக்கே தெரியாது.

– அந்தக் கத்திரியை எவ்வளவு நேரம் பிடிப்ப? கத்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து கத்துங்க. இந்த மாடியில எட்டு வீடு. நாலு வருஷமா கத்தற. என்னிக்காவது ஒரு கதவு திறந்துச்சா?

– இல்ல. ஒண்ணுகூடத் திறக்கல.

– அப்போ அதைக் கீழ வை.

– அண்ணி, வைக்காதீங்க.

– வைக்கமாட்டேன். இனி உங்க அண்ணன்கிட்ட எனக்குப் பேச்சில்ல. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களே, உங்ககிட்டத்தான் பேசறேன். நான் பையை மாட்டினதுலேர்ந்து ஒரு வார்த்தை விடாமக் கேட்டுக்கிட்டு, அடுத்து என்ன ஆகும்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற உங்ககிட்டத்தான். கேட்டது போதும், எழுந்து வாங்க. வந்து இந்தக் கதவை உடைங்க.